சண்டை நடக்காத மதியங்கள்

சண்டை வராமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். இந்தத் தொழிலில் வேலையைச் சரியாகச் செய்தால், கண்ணுக்குத் தெரிய எதுவும் மிஞ்சாது. நாள் முழுக்கப் பாடுபட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன பண்ணினே?" என்று வீட்டில் கேட்டால் பதில் தெரியாமல் நிற்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது புனேக்கு வெளியே தேஹு ரோடு. அப்பா ராணுவ டெப்போவில் சிவிலியன் ஊழியர். கல்யாணமாகி வந்தது புனேயில் வானவடிப் பக்கம். ராணுவ மதிலுக்கு இந்தப் புறம் புது அபார்ட்மெண்டுகள், அவற்றுக்குப் பின்னால் எங்கள் பஸ்தி, அதாவது குடிசைப் பகுதி. தமிழும் மராத்தியும் இந்தியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடம்.

பச்சைக் கோட்டு

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்துப் பையன்கள் கொய்தாவோடு திரிய ஆரம்பித்தார்கள். கொய்தா என்றால் கரும்பு வெட்டுகிற அரிவாள். வெட்டு விழுந்த பிறகுதான் போலீஸ் வரமுடிகிறது, விழுவதற்கு முன்னால் போக ஓர் ஆள் வேண்டும் என்று நகர நிர்வாகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஒரு சிறு தொண்டு அமைப்புக்கு நிதி கொடுத்தார்கள். அவர்கள் பஸ்தியில் குடியிருக்கிறவர்களையே வேலைக்கு எடுத்தார்கள். நான் அதில் ஒருத்தி. ஆனால் பட்ஜெட் புத்தகத்தில் சண்டைத் தடுப்பு என்று ஒரு தலைப்பே கிடையாது. இடம் இருந்த தலைப்பில் எங்களைச் சேர்த்தார்கள். அது தோட்டத் துறை.

ஆகவே எங்களுக்குத் தோட்டக்காரர்களின் பச்சைக் கோட்டு கிடைத்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு சந்துக்குள் போனேன். மழை விட்ட காலை. தகரக் கூரைகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வெயிலில் யாரோ பால் கலந்தது போல இருந்தது. தெரிந்த தெருதான், ஆனால் தூக்கத்தில் நடக்கிற மாதிரி நடந்தேன். வடாபாவ் கடை மங்கல் என்னை நிறுத்தி, கடைக்குக் குறுக்கே வளர்ந்த வேப்பங்கிளையை வெட்டித் தரச் சொன்னாள். வெட்டுவது என் வேலை இல்லை, வெட்டாமல் பார்ப்பதுதான் என்று விளக்கினேன். வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "மரத்தை வெட்டாதேன்னாலே கேக்க ஆளில்ல தாயி, மனுஷனை வெட்டாதேன்னா கேப்பாங்களா?"

தகுதி

என்னோடு வேலைக்குத் தேர்வானவர் சந்தோஷ். நாற்பத்தைந்து வயது, மெதுவாகப் பேசுவார். இளம் வயதில் ஒரு தெருச் சண்டையில் ஒருவரை வெட்டிவிட்டுப் பல வருடம் ஜெயிலில் இருந்தவர். பஸ்தியில் கோபக்காரப் பையன்கள் யார் பேச்சையாவது கேட்டார்கள் என்றால் அது அவர் பேச்சைத்தான். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: குற்ற வழக்கு ஏதும் உண்டா? சந்தோஷ் அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி குல்கர்ணி மேடம் அவரை வாசலில் பிடித்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இந்த ஆளை எடுத்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், கையெழுத்து அவருடையது. இருந்தும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உண்டுன்னு எழுதுங்க. கீழே தகுதின்னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அங்கயும் அதையே எழுதுங்க."

கம்பெனி பஸ்

கதிர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் ஏதோ வாய்த்தகராறு முற்றி, அடுத்த சந்து ஆகாஷ் அவன் கையில் வெட்டிவிட்டான். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் கதிரின் தம்பி முருகன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மடியில் ஒரு பை. அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் சந்தோஷ் என் பக்கம் குனிந்தார். "பையில என்னன்னு கேக்காதீங்க. பையை விட்டு நகராதீங்க, போதும்," என்றார். அவர் ஆகாஷைத் தேடிப் போனார். நான் முருகனிடம், "செகண்ட் ஷிஃப்டா?" என்றேன். "ஹாங் அக்கா." "நானும் வரேன். உங்க கம்பெனியைப் பார்த்ததே இல்ல." அவன் அம்மா பக்கத்திலேயே நின்றதால் அவனால் மறுக்க முடியவில்லை. அம்மாவுக்காகக் கம்பெனி பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆகாஷைத் தேடிப் போவதுதான் அவன் திட்டமாம். பிற்பாடு அவனே சொன்னான்.

டிரைவர் என் பச்சைக் கோட்டைப் பார்த்து, கம்பெனித் தோட்டத்துக்குப் போகிறேன் என்று நினைத்து ஏற்றிக்கொண்டார். முருகன் ஜன்னலோரம், நான் நடைவழிப் பக்கம். அடுத்த நிறுத்தம் வந்தது. அவன் எழுந்தான். நான் முழங்கால்களை நகர்த்தி வழி விடவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். நின்றுகொண்டே யோசித்தான். "நேத்து மத்தியானம்," என்றான். என்னிடம் இரண்டு வடாபாவ் இருந்தது. அவன் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தபோது பஸ் கிளம்பியிருந்தது.

பிறகு தூறல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே பெட்ரோல் பங்க்குகளும் கோடவுன்களும் நனைந்த எருமைகளும் நீருக்குள் மிதப்பது போல நகர்ந்தன. முருகன் தூங்கிப்போனான், தலை மெல்ல என் தோளுக்கு வந்தது. இரவெல்லாம் விழித்திருந்த தலை, கனமாக, சூடாக இருந்தது. தூக்கத்தில் ஒரு தரம் அண்ணன் பேரைச் சொன்னான். பை அவன் மடியிலிருந்து சரிந்து என் மடிக்கு வந்தது. இந்தப் பாதை முடியவே வேண்டாம், மழை பெய்துகொண்டே இருக்கட்டும், இவன் தூங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன். ரஞ்சன்காவ் வந்தது. கேட் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். முருகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான். பழைய துண்டில் சுற்றிய ஒன்றை என் கையில் கொடுத்தான். "அக்கா, இதை நீங்களே வச்சுக்கோங்க. உள்ள செக்கிங்ல விடமாட்டாங்க."

ஸ்டோர்

முதல் ஷிஃப்ட் முடிந்தவர்களோடு அதே பஸ்ஸில் திரும்பினேன். ஏறியதும் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். வாய் திறந்தபடி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி, பஸ் நிறையத் தூக்கம். நடுவில் நான் ஒருத்தி விழித்துக்கொண்டு, மடியில் கொய்தாவோடு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் துண்டை இறுக்கிக்கொண்டேன். வழியில் சந்தோஷ் போன் செய்தார். ஆகாஷை அவன் அம்மாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒப்படைத்துவிட்டாராம். "அவனும் பயந்துதான் கிடந்தான்," என்றார். குல்கர்ணி மேடத்துக்குச் சொன்னேன். தோட்டத் துறை ஸ்டோரில் கொடுங்கள், போலீஸிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

ஸ்டோரில் இருந்தவர் ஓய்வு பெறப்போகும் வயதுக்காரர். மண்வெட்டி, கத்தரி, ரப்பர் குழாய்களுக்கு நடுவே, சாயங்கால வெளிச்சத்தில், மண் வாசனையில் உட்கார்ந்திருந்தார். துண்டைப் பிரித்தார். எங்கிருந்து வந்தது, யாருடையது, ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். அந்த விளிம்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியே செவ்வந்தி நாற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் எடுத்துப்போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். "புத்தம் புதுசு தாயி. ஒரு தடவைகூட உபயோகிக்கல."

நீட்டிப்புக் கூட்டம்

மார்ச் மாதம் திட்டத்தை நீட்டிப்பதா என்று கூட்டம் போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மூத்த அதிகாரி நல்ல மனிதர்தான். கோப்பைப் புரட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: உங்கள் பகுதி அமைதியாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு இந்தத் திட்டம்? தவறான கேள்வி என்று சொல்ல முடியவில்லை. சந்தோஷ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக இலவம்பஞ்சு ஒன்று மிதந்து வந்து மேசைக்கு மேலே சுற்றியது. எங்கள் வேலையும் அப்படித்தான் கையில் பிடிபடாமல் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அடுத்த மாதம் சந்துக்குள் எந்த உரிமையில் நுழைவேன் என்று யோசித்தேன்.

குல்கர்ணி மேடம் பெயர்களைச் சொல்லாமல் கம்பெனி பஸ் கதையைச் சொன்னார். எங்களை ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட கதிர் கதவருகே நின்றுகொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே நீளமான தழும்பு. "இது என் கதைதான் சார்," என்று தானாகவே சொன்னான். அந்தத் தம்பி இப்போது எங்கே என்று அதிகாரி கேட்டார். கதிர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றரை. "உள்ள போயிருப்பான் சார், இந்த வாரமும் செகண்ட் ஷிஃப்ட்தான்."

ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்: எங்கள் பஸ்தியில் அமைதியும் என்னைப் போலவே ஒப்பந்த ஊழியர்தான், நிரந்தரம் பண்ணுங்கள் என்றால் அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்கிறார்கள்.