இடுப்பளவுக் கடல்

எழுபதுகளின் ஒரு கோடை விடுமுறையில், தொண்டிக் கடலில் எங்கள் வீட்டு நாலு பேரையும் தூண்டில் போட அழைத்துப்போன படகுக்காரரின் பெயரை யாரும் கேட்கவில்லை. தலையில் பனையோலைத் தொப்பி, காதிடுக்கில் பீடி. எதைக் கேட்டாலும் கடலைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

திருமங்கலத்தில் கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத குடும்பம் எங்களுடையது. கரை சிறுத்ததும் அம்மா கேட்டாள்: "படகு கவுந்தா எங்களைக் காப்பாத்திருவீகளாண்ணே?"

அவர் கடலைப் பார்த்தார். "எனக்கு நீச்சல் தெரியாது தாயி."

அம்மா அங்கேயே அழகருக்கு நாலு மொட்டை நேர்ந்துகொண்டாள், தன்னுடையதையும் சேர்த்து. அதன்பின் யாரும் அசையவில்லை. மீனும் கடிக்கவில்லை. மத்தியானம் அப்பாவின் தூண்டில் அடியில் எதிலோ சிக்கியது. படகுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கடலில் இறங்கினார். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

"இம்புட்டுத்தானா? முதல்லயே சொல்லப்படாதாண்ணே?" என்றார் அப்பா.

அவர் கடலைப் பார்த்தார். "நீங்க ஆழத்தக் கேக்கலயே."

அடுத்த வாரம் அழகர்கோவிலில் வரிசையாக உட்கார்ந்தோம். இடுப்பளவுத் தண்ணிதானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். "சாமிகிட்ட அளவா சொன்னேன்?" என்றாள் அம்மா.

மொட்டையோடு எழுந்தபோது, "வலிச்சுச்சாடா?" என்று அப்பா கேட்டார். நான் அந்தப் படகுக்காரரைப் போல எதிரே இருந்த மலையைச் சற்று நேரம் பார்த்தேன். அவருக்குக் கடலில் என்ன தெரிந்ததோ, எனக்கு மலையில் ஒன்றும் தெரியவில்லை.