சரோஜா அக்காளின் அடுப்படியும் ஒரு சட்டமன்றத் தவணையும்

சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. உறுப்பினருக்குப் போக வேண்டிய ஏச்சு மட்டும் தவறாமல் கிடைக்கும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து "பார்க்கிறோம், சொல்கிறோம்" என்றே காலம் தள்ளுகிறவர்களே, நீங்கள் எந்த அலுவலகத்தில் இருந்தாலும் என் கூட்டாளிகள்தாம். மலையூரான பிரிஞ்சாங்கில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடைக்கு மேல்மாடியில், ஒரு தேர்தலிலிருந்து அடுத்த தேர்தல் வரை ஒரு முழுத் தவணை நான் உட்கார்ந்திருந்தேன்.

மைலோ டின்

பதவியேற்பு மாலைகள் வாடுவதற்குள் சரோஜா அக்காள் படியேறி வந்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையிலிருந்த மைலோ டின்னை என் மேசைமேல் கவிழ்த்தார். ஈரச் சேறு!

மழை பெய்தால் மேட்டுச் சரிவிலிருந்து மண் இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளின் பின்பக்கத்தை முட்டுகிறது. அவர் வீடு கடைசி வீடு. அடுப்படிக்கு அடுத்த அறையில் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார் கணவர். தடுப்புச் சுவர் ஒன்று கட்டித் தர வேண்டும், அவ்வளவுதான். "போட்டோ இருந்தா காட்டலாமே அக்கா" என்றேன், மேசையைத் துடைத்தபடி.

"போட்டோ காட்டுனா பழசும்பீங்க. இது காலையில அள்ளுனது. மண்ணு மொத்தமா எறங்குனா நான் ஓடிருவேன் தங்கச்சி, அவரு எப்படி ஓடுவாரு?"

சரிவு யாருடையது

சரிவைப் பார்க்க எல்லாரையும் அழைத்துப் போனேன். வீடுகள்தாம் எங்களுடையவை, சரிவு இல்லை என்றார் தோட்டத்து மேனேஜர். வீடு இருக்கும் இடம் தனியார் இடம், அங்கே அரசாங்கம் சுவர் கட்ட முடியாது என்றார் நில அதிகாரி. மேலே கோஸ் பயிரிடுகிறவர், தன் வேலியோடு தன் பொறுப்பு முடிந்தது என்றார். மூவரும் நாகரிகமாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் யாராவது ஒருவர் தோற்றிருப்பார்.

சரோஜா அக்காள் மூவருக்கும் டீ கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"யாருக்குமே சொந்தமில்லாத மண்ணு, எங்க அடுப்படிக்கு மட்டும் சொந்தக்காரன் மாரி வருதே, எப்படிலா?"

மேசை தட்டியவர்கள்

எங்கள் உறுப்பினரை ஊர் வழக்கப்படி எல்லாரும் ஒய்.பி. என்போம். நல்ல மனிதர், குரலும் பெரிது. விஷயத்தை டேவானுக்கே, அதாவது சட்டமன்றத்துக்கே, கொண்டு போனார். நானும் சட்டமன்றம் கூடும் குவாந்தான் வரைக்கும் வளைவு வளைவாக மலையிறங்கி, வாந்தியை அடக்கிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். ஒய்.பி. அருமையாகப் பேசினார். சபையில் மேசை தட்டினார்கள். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அதே பெருமையோடு சரோஜா அக்காளிடம் போய், எத்தனை பேர் மேசை தட்டினார்கள் தெரியுமா என்றேன். அவர் வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்.

"தட்டுன கையில ஆளுக்கொரு மண்வெட்டி குடுத்திருக்கலாம்லா."

தலைவர் வருகை

ஒய்.பி. விடவில்லை. மாநிலத்தின் தலைவர், மந்திரி புசார், மலைக்கு வருகிறார் என்றதும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்த லைனுக்கும் வரச் சம்மதம் வாங்கினார். நேரில் பார்த்தால் போதும், காரியம் முடிந்தது என்று நான் குதித்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். துரை லைன் பார்க்க வருகிறார் என்றால் விடிவதற்குள் கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து வைப்பது தோட்டத்து வழக்கம். கேட்டு வளர்ந்த பழக்கம் லேசில் போகுமா?

போய்ப் பார்த்தால் ஒரு பிடி சேறு இல்லை. வாசலெல்லாம் கோலம், இருபுறமும் வாழைமரம். சரிவு முழுவதையும் மறைத்துத் தலைவரின் படம் போட்ட பெரிய பதாகை. அடுப்படியில் சாம்பிராணி மணக்கிறது. தலைவர் வடை சாப்பிட்டார், மனம் நிறைந்து பாராட்டினார், இவ்வளவு சுத்தமான இடத்தைப் பார்த்ததில்லை என்று சொல்லிக் காரேறினார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கத்தியே விட்டேன்.

"பெரியவங்க வர்றப்ப வீட்ட சகதியாவா வெச்சிருப்பாங்க? நமக்கு மானம் இல்லியா தங்கச்சி?"

கலைத்த பிறகு

சட்டமன்றத்தைக் கலைத்தார்கள். ஒய்.பி. வெறும் வேட்பாளர் ஆனார், நான் வெறும் ஆள் ஆனேன். அந்த வாரமே ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சரிவு பெயர்ந்து அடுப்படிச் சுவரை இடித்து, கணவர் படுக்கும் அறை வரைக்கும் வந்து நின்றது. எங்களையெல்லாம் நம்பாமல் முன்கூட்டியே கட்டிலை முன்வாசல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார் சரோஜா அக்காள். அதனால் கணவர் பிழைத்தார்.

பிரச்சாரத்துக்கு வந்திருந்த தலைவர், விஷயம் தெரிந்து மறுநாள் காலையிலேயே ஒய்.பி.யோடு வந்தார். அதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக ஓடி வந்தார்கள். சரோஜா அக்காள் துடைப்பங்களைப் பிடுங்கி வெளியே எறிந்தார். வாழைமரமும் இல்லை, கோலமும் இல்லை. வாசலில் "வாங்க" என்று கும்பிட்டதோடு சரி. காலணியோடு அடுத்தவர் வீட்டுக்குள் நுழையத் தலைவருக்கும் மனம் வராது. கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். கணுக்கால் வரை சேறு. அந்தச் சேற்றில் நின்றபடியே டீ குடித்தார். வெளியே வந்ததும் உதவியாளர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். சரோஜா அக்காள் குறுக்கே நின்று ஒய்.பி.யைப் பார்த்தார்.

"பெரியவருகிட்ட சொல்லுங்க ஒய்.பி. கால கழுவ வேணாம், அப்படியே டேவானுக்குப் போகட்டும்."

புதிய தவணையில் இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஒரு தவணை முழுக்கப் பேசி வாங்க முடியாததை, அந்த அம்மாள் ஒரே ஒரு காலை வீட்டைக் கூட்டாமல் விட்டு வாங்கிவிட்டார்.