சந்தனப் பொட்டும் சைபரும்

எனக்குப் பிடிக்காத எண் ஒன்று உண்டென்றால் அது சைபர்தான். ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் போய், இங்கே எது எப்படிக் கெட்டுப்போகும், கெட்டால் யார் உயிருக்கு ஆபத்து என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர் சைபர் காட்டினால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கசிவு இல்லை, அல்லது டிடெக்டர் செத்துக் கிடக்கிறது. இதைப் பயிற்சி வகுப்புகளில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்து வீட்டில் கேஸை மூடிவிட்டு மூன்று தடவை திருகிப் பார்ப்பேன். என் கணவர் அதற்கு 'உள்ளூர் ஆடிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. குளோரின் வாயுவைக் கொண்டு பிளீச்சிங் திரவம் தயாரிப்பவர்கள். என் பாதுகாப்பு ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. அதற்கும் அழைத்தார்கள், போனேன். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, என் கையால் பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்றார். மற்ற நாளில் என்னைக் கண்டாலே முகம் சுருங்குகிற மனிதர். மறுக்க மனசு வரவில்லை. சொல்லப்போனால் பெருமையாகவே இருந்தது.

மோட்டார், பம்ப், ஷெட்டில் வாயு எவ்வளவு என்று அலுவலக அறையில் காட்டும் பேனல் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். கடைசியாக குளோரின் சிலிண்டர் ஷெட். அங்கே சுவரில் முழங்கால் உயரத்தில் டிடெக்டர். வெள்ளைப் பெட்டி, நடுவில் வட்டமாக ஒரு சின்னச் சல்லடை. அது வழியாகத்தான் அது மூச்சு விடவேண்டும். யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். குனிந்தேன். கை தானாக அந்த வட்டத்துக்குப் போனது. தாராளமாகவே அப்பினேன்.

கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவர் அந்த ஷெட்டின் ஆபரேட்டர். ஐம்பத்தாறு வயது. இருபது வருஷம் குளோரினோடு பழகியதில் அவருக்கு மூக்கு மரத்துப்போய்விட்டது. எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று முன்பொரு தடவை கேட்டிருக்கிறேன். "சைரன் அடிச்சா ஓடுவேன் மேடம். அடிக்கலன்னா வேலையப் பாப்பேன்" என்றார்.

ஆடிட் அன்று காவிரிப் பாலத்தில் நெரிசல். பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். லீவு முடிந்து அன்றுதான் வேலை தொடங்குகிறது. ஆபரேட்டர் புது சிலிண்டர் மாட்ட ஷெட்டுக்குப் போய்விட்டார் என்று மேனேஜர் சொன்னார். நான் பேனல் முன்னால் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். குளோரின் அளவு என்ற கட்டம். பேனலில் சைபர். டிக் போட்டேன்.

அப்போது லேசாக பிளீச்சிங் பவுடர் வாசனை. காலையில் பாத்ரூம் கழுவினார்கள், அதுவாக இருக்கும் என்றார் மேனேஜர். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். வாசனை போகவில்லை, கூடியது. மறுபடி நிமிர்ந்து பேனலைப் பார்த்தேன். சைபர். அதற்குக் கீழே நான் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அதே மாதிரி ஒரு பொட்டை வேறு எங்கே வைத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சைரனைக் கையால் அழுத்தச் சொன்னேன். மேனேஜர் தயங்கினார். சைரன் அடித்தால் அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஓடி வருவார்கள், பேனலில்தான் ஒன்றும் இல்லையே என்றார். அவரைத் தள்ளிவிட்டு நானே அழுத்தினேன். ஜன்னல் வழியாக ஷெட் வாசல் தெரிந்தது. யாரும் வரவில்லை. பத்து எண்ணியிருப்பேன். அந்தப் பத்தையும் இன்றைக்கும் என்னால் தனித்தனியாகச் சொல்ல முடியும். பிறகு அவர் வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிக் குனிந்தபடி. மாஸ்க் கழுத்தில் தொங்கியது.

முழுக்கவசம் போட்ட இரண்டு பேர் உள்ளே போய் வால்வை மூடினார்கள். இணைப்பில் வாஷர் சரியாக உட்காரவில்லை. டிடெக்டரைக் கழற்றி வெளியே கொண்டுவந்து சோதனை வாயுவைக் காட்டினேன். சைபர். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி காட்டினேன். எண் ஏறியது, சைரன் அலறியது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேனேஜர் என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேட்டர் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இன்னும் சிவப்பு. நுரையீரல் தப்பித்தது, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்னால் அவரே பேசினார்.

"பொட்டு வச்சது நான்னு எழுதிக்கோங்க மேடம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான் சர்வீஸ். உங்க பேரு கெட்டுதுன்னா அப்புறம் எந்தக் கம்பெனியில உள்ள விடுவாங்க?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகத்தான் இருந்தது. பூஜையன்று கிண்ணம் அவர் கையில் இருந்தது, யார் விரல் பட்டது என்று யார் கேட்கப் போகிறார்கள் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. அவர் மறுபடி இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. அது அடங்குவதற்குள் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது.

"வேண்டாம்ண்ணே" என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். முதல் நாள் சைபர் என்று போட்ட டிக்கை அடித்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில், டிடெக்டரின் சல்லடையைச் சந்தனத்தால் அடைத்தவர் ஆடிட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை. ஆபரேட்டர் மட்டும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போன் செய்து, டிடெக்டருக்குப் பொட்டு வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு இருமுகிறார்.