நீக்கப்பட்ட பாடங்கள்

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு மணியை அடிப்பார்கள். அதற்கும் பிறகு கதவை அடிப்பார்கள். பழுதுபார்க்க அவர் போய்ச் சேர்கிறபோது பெரும்பாலும் கதவை அடிக்கிற கட்டம் நடந்துகொண்டிருக்கும். கதவிடுக்கில் வாயை வைத்து, "வந்துட்டேன், பயப்படாதீங்க. இப்ப மேல போறேன். என் சத்தம் கேக்கலைன்னா விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைக்காதீங்க" என்பார். மோட்டார் இருப்பது மொட்டைமாடி அறையில். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை மெல்ல ஒரு மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அவர் படியேறுகிற அந்த நேரத்தில்தான் உள்ளே இருப்பவர்கள் அதிகமாகக் கத்துவார்கள். மாட்டிக்கொண்டவருக்கு உதவ அவரைவிட்டு விலகிப் போக வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லாத வேலை.

அடுக்குமாடிகளில் அவரை லிஃப்ட்காரர் என்பார்கள். பெயர் கேட்டவர்கள் குறைவு. அவருக்கும் அதில் குறையில்லை. வீட்டில் மனைவிக்கு அவர் 'என்னங்க', மகளுக்கு 'அப்பா'. அது போதுமானதாக இருந்தது.

மகள் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றபோது வீட்டில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. மனைவி மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். "டாக்டர் கையெழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வீட்ல இருக்கா. எழுதத் தெரிஞ்ச ஒரு ஆளும் வரட்டுமே" என்றாள். அத்தோடு முடிவாகிவிட்டது.

கோச்சிங் சென்டர் ஊரின் மறுகோடியில் இருந்தது. போக வர பஸ்ஸில் பாதி நாள் ஓடிவிடும். அந்த நேரத்தில் படிக்கலாம் என்றால், ஓடுகிற பஸ்ஸில் புத்தகத்தைப் பிரித்த மாத்திரத்தில் மகளுக்குத் தலை சுற்றி வாந்தி வரும். அதற்கு மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். கடையிலிருந்து வந்ததும் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாடப் புத்தகத்தை மடியில் விரித்து, செல்போனில் பதிவைத் தட்டிவிட்டு வரிவரியாக வாசிப்பாள். மகள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி பஸ்ஸில் போவாள். மருந்துப் பெயர்களோடு புழங்கியவள் என்பதால் வாயில் நுழையாத வார்த்தையெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அர்த்தம் தெரியாது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும், எதை இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்தவர் அவர்தான். வேலைக்குப் போன ஒரு வீட்டில், பையன் கல்லூரிக்குப் போய்விட்டான், பழைய பேப்பரில் போடப்போகிறோம் என்று ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தார்கள். ஒரு பக்கம்கூடக் கசங்காத புத்தகங்கள். அந்தப் பையன் திறந்தே பார்க்கவில்லை என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். அவர் அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தார். "பாடம் மாறியிருக்காதே?" என்று மனைவி கேட்டாள். "மனுஷன் வயித்துல இருக்கறது எங்க மாறப்போகுது" என்று அவர் சொன்னார். அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோதும் வாசிப்பதை நிறுத்தவில்லை. வரிகள் சின்னதாயின. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் காத்திருப்பு நீண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற காலையில் செரிமானப் பாடத்தில் சிறுகுடல் வரைக்கும் வந்திருந்தாள். "மிச்சத்தை வந்து வாசிக்கிறேன்" என்று புத்தகத்துக்குள் மாத்திரை அட்டை ஒன்றை அடையாளம் வைத்துவிட்டுப் போனாள். வரவில்லை.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் திரும்பிப் போய், வீட்டில் இரண்டு தட்டு மட்டும் கழுவுகிற நாட்கள் வந்தன. மகள் கோச்சிங்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். காதில் எப்போதும் அந்த இயர்போன் வயர் இருந்தது. படிக்கிறாள் என்று அவர் ஆறுதலாக இருந்தார்.

அந்த ஆறுதல், கோச்சிங் சென்டரில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற சார் வரச்சொல்லி அனுப்புகிற வரைதான்.

சார் சின்ன வயதுக்காரர். நாற்காலியை இழுத்துப் போட்டார். கையில் இருந்த டேப்லட்டில் மகளின் மாதிரித் தேர்வுகளைக் காட்டினார். பாடத்துக்கு ஒரு கோடு. தேறியது பச்சை, தேறாதது சிவப்பு. திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"வீட்ல படிக்கிறாளா சார்?"

"எந்நேரமும் காதுல மாட்டிட்டுத்தான் இருக்கா. அவங்க அம்மா வாசிச்சு வச்ச பாடம்."

"தெரியும். நானும் ஒருநாள் வாங்கிக் கேட்டேன்." சார் டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தார். "சும்மா பழைய கேள்வித்தாள் ஒண்ணு கொடுத்துப் பார்த்தேன். செரிமானத்துல சிறுகுடல் வரைக்கும், செடிக்குச் சத்து எப்படிப் போகுது, இந்த ரெண்டுலயும் ஒண்ணு விடாம சரியாப் போட்டா. ஆனா அந்த ரெண்டும் இப்பப் பாடத்திட்டத்துலயே இல்ல சார். நீக்கிட்டாங்க. அதுல கேள்வியே வராது."

அவருக்கு அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. தலையில் அதன் கனம்கூட வந்தது.

"அவகிட்ட சொல்லிடறேன் சார். தெரியாமப் படிச்சிட்டு இருக்கா."

"நான் எப்பவோ சொல்லிட்டேனே," என்றார் சார். "தெரியும் சார்னு சொன்னா."

வழி நெடுக அதுதான் மண்டைக்குள் ஓடியது. தெரியாமல் செய்கிறவளைத் திருத்தலாம். தெரிந்தே செய்கிறவளிடம் என்ன சொல்வது? அந்தப் பாடத்தைக் கேட்காதே என்று சொன்னால் எதைக் கேட்காதே என்று சொன்னதாக ஆகும்? வீட்டுக்குப் போனதும் வாயைத் திறந்தார்.

"சார் என்னம்மா சொன்னார்னா..."

"சிவப்பா இருக்குன்னு சொல்லியிருப்பார்."

"ம்."

"பச்சை ஆக்கிடறேம்பா" என்று சொல்லிவிட்டு அவருக்குத் தட்டு எடுத்துவைத்தாள். பேச்சு அங்கேயே படுத்துவிட்டது.

பழுதான சாமானைக் கண்டால் கை சும்மா இருக்காதவர் அவர். இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மகளுக்குக் காதால் கேட்டால்தான் ஏறுகிறது. புதிய பாடங்களை வாசிக்க ஆள் இல்லை. அவ்வளவுதானே விஷயம்? சாரிடம் புதிய புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். வீட்டில் வாசிக்க வெட்கமாக இருந்ததால் வேலைக்குப் போகிற இடத்தில், மொட்டைமாடி மோட்டார் அறையில், எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனில் பதிவைத் தட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

வாசிப்பது லேசான வேலை இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நீளமான வார்த்தை வந்தால் நாக்கு பாதியில் நின்றது. யாரோ கீழே பொத்தானை அமுக்க, மோட்டார் பக்கத்தில் உறுமிக்கொண்டு சுற்றியது. அது அடங்கும் வரை காத்திருந்து, விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். காவலாளி ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன லிஃப்ட்காரரே, மோட்டாருக்குப் பாடம் எடுக்கறீங்களா?"

"படிச்சாலாவது ஒழுங்கா ஓடுதான்னு பார்க்கிறேன்."

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. அதையும் அனுப்பி வைக்கவா?"

ஒருவழியாக மூன்று பாடம் தேறியது. மகள் போனில் ஏற்றிக் கொடுத்தார். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து, இதை முன்பே செய்திருக்கலாம் என்றுகூட நினைத்தார். பஸ்ஸில் கேட்டாள் என்பது நிச்சயம். ஆனால் அடுத்த தேர்வில் அந்த மூன்று கோடுகளும் முன்னைவிடச் சிவந்திருந்தன.

"என் வாசிப்பு விளங்கலையாம்மா? சொல்லு, திருத்திக்கிறேன்."

"நல்லா விளங்குதுப்பா."

"அப்புறம்?"

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பின்னாடி மோட்டார் சத்தம் வருதுல்ல. அது திடீர்னு நின்னா, நீங்க எங்க ஏறி நிக்கறீங்களோ, கை எதுல இருக்கோன்னு பயமா இருக்குப்பா. அடுத்து உங்க குரல் வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சிட்டு இருக்கேன். பாடம் எங்க ஏறும்?"

உதவி என்று போனது, அவள் பயப்பட இன்னொரு காரணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தது. பதிவுகளை அழித்துவிடச் சொன்னார். "இருக்கட்டும்" என்றாள். அழித்தாளா என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்யக்கூடியது என்று எதுவும் மிஞ்சவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். பென்சில் சீவி வைத்தார். அவள் படிக்கும்போது செருமுவதற்குக்கூட வெளியே போனார். அவள் மேஜையில் புதிய புத்தகம் திறந்திருக்கும், காதில் பழைய பாடம் ஓடும். கண் ஒன்றைப் படிக்க, காது இன்னொன்றைக் கேட்க, பிள்ளை நடுவில் உட்கார்ந்திருந்தது. அவர் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தேர்வன்று காலை வண்டியில் கூட்டிப்போனார். வழி முழுக்க முதுகுக்குப் பின்னால் அவள் காதில் வயர் இருந்தது. மையத்தின் வாசலில் போனை உள்ளே கொண்டுபோக விடவில்லை. வயரைச் சுருட்டி, போனோடு சேர்த்து அவர் கையில் வைத்தாள்.

"பத்திரம்பா."

"பயப்படாத. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் தலையாட்டிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டாள். இரும்புக் கதவு சாத்தப்பட்டது. வெளியே பெற்றோர்கள் சுவரோரமாக நின்றார்கள். யாரும் யாருடனும் அதிகம் பேசவில்லை. ஒரு அம்மா மட்டும் தன் மகன் காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று கேட்டவர் கேட்காதவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மனைவி போனபிறகு அந்தப் பதிவுகளை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வேண்டாம் என்று முடிவு செய்து இல்லை; நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. இப்போது போன் கையில் இருந்தது. மகள் நிறுத்திய இடம் திரையில் இருந்தது. வயரைக் காதில் மாட்டிக்கொண்டு அமுக்கினார்.

"இரைப்பையில் சுரக்கும் அமிலம்..." மனைவிதான். மூச்சு வாங்குவதற்கு முந்தைய குரல். பின்னால் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். "...இரைப்பையில் சுரக்கும் அமிலம், இதை ரெண்டு தடவை சொல்லிட்டேன், குறிச்சுக்கோ." பிறகு கதவு திறக்கிறது. ஒரு ஆண் குரல்: "பசிக்குது, என்ன இருக்கு?" அது தன் குரல் என்று புரிய அவருக்கு ஒரு கணம் ஆனது. "ரெக்கார்டு ஓடுதுங்க. கிரீஸ் கையோட அதைத் தொடாதீங்க." "தொடலை." "தொட்டாச்சு. பாருங்க, தொட்டாச்சு." தூரத்தில் மகள் சிரிக்கிறாள்.

அவர் நிறுத்திவிட்டார். மகள் இத்தனை மாதமாகப் பாடம் கேட்கவில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்த ஒரு சாயங்காலத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறாள். அங்கிருந்து அவளை எப்படி வெளியே கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கூப்பிடத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.

கதவு திறந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் ஓடி வந்தார்கள். மகள் நடந்து வந்தாள்.

"எப்படிம்மா?"

"அந்தப் பாடத்துல ஒண்ணுமே வரலப்பா."

"வராதுன்னு தெரியுமே."

"தெரியும்." போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இருந்தாலும் ஒவ்வொரு பக்கமா திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. தப்பா அச்சடிச்சாவது வந்திருக்கலாம்."

அவர் வண்டியை உதைத்தார். அது இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

முடிவு வந்தபோது சொல்வதற்கு எதுவும் இல்லை. கிடைக்கவில்லை. அதுவும் தொட்டுவிட்டு நழுவியதல்ல, எட்டவே இல்லாத தூரம். சார் போனில், நல்ல பிள்ளை சார், இன்னொரு வருடம் எழுதட்டும் என்றார். மகளும் அதையே சொன்னாள், அதே குரலில்.

சில வாரம் கழித்து ஒரு மாலை அவர் வேலையிலிருந்து வந்தபோது அவள் சமையலறையில், அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டிப் புத்தகம் மடியில் இருந்தது. மாத்திரை அட்டை வைத்த இடத்தில் அட்டை அப்படியே இருந்தது.

"என்னம்மா பார்க்கிற?"

"அடுத்த வருஷப் பாடத்திட்டம் இன்னும் வரலப்பா. எடுத்த பாடத்தை சில சமயம் திரும்பச் சேர்ப்பாங்களாம்."

"யாரு சொன்னா? சாரா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் சொல்லலப்பா."

அவர் கிரீஸ் கையோடு வாசற்படியிலேயே நின்றார். கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது: வந்துட்டேன், பயப்படாதீங்க, இப்ப மேல போறேன். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தார். மேலே போய்ச் செய்ய ஒரு வேலை இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"கையைக் கழுவிட்டு வர்றேன்" என்றார்.