ஆஷ்வொர்த்தின் குண்டூசிகள்

கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓர் ஆங்கிலேயக் கிழவர். ஆஷ்வொர்த் என்பது குடும்பப்பெயர்; முதற்பெயர் எனக்குத் தெரியாது.

அவர் வீட்டுச் சுவரில் உலகப்படம் ஒன்று தொங்கியது. இணையத்தில் தொலைபேசிப் பட்டியல்களைத் துழாவி, ஆஷ்வொர்த்துகள் வாழும் ஊர்களில் குண்டூசி குத்துவார். லங்காஷயரில் ஆஷ் மரம் நின்ற ஒரு வளவிலிருந்து வந்த பெயராம். அங்கே ஊசி குத்த இடமில்லை. மிச்சம் ஆஸ்திரேலியா, கனடா என்று சிதறிக் கிடந்தது.

ஒருநாள் எங்கள் தபால்பெட்டியில் ஒட்டியிருந்த மூன்று பெயர்களைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"இந்த வீட்டில் எத்தனை குடும்பத்தை ஒளித்து வைத்திருக்கிறாய்?"

எங்களுக்கு அப்பாவின் பெயர்தான் கடைசிப்பெயர், அதனால் எனக்கொன்று, மனைவிக்கொன்று, மகனுக்கொன்று என்று விளக்கினேன்.

"பொதுப்பெயர் இல்லாவிட்டால் அது குடும்பமே இல்லை" என்றார்.

உள்ளேயிருந்து மனைவி, "அந்தாளோட என்ன கதை? திருப்பி எழுதி ஒட்டுங்கோ" என்றாள்.

ஒட்டினேன். கிழித்தார். மறுபடியும் ஒட்டினேன்.

அங்கிருந்த காலம் முழுவதும் சுவரில் ஊசிகள் கூடிக்கொண்டே போயின. அவர் கதவைத் தட்டிய ஓர் ஆஷ்வொர்த்தையும் நான் கண்டதில்லை.

"அந்தாள் பாவமப்பா" என்கிறாள் மனைவி இப்போது.

எனக்கு இன்னும் இரக்கம் வரவில்லை.