மாட்டுத் தரகர் நிஸ்தார் தொழத் தொடங்கின கதை

சிறைக்காவல் உத்தியோகத்தில ஒரு விசேசம் இருக்கு: பூட்டுக்கு உள்ளே இருக்கிறவனுக்கு விடுதலை எப்பவெண்டு தெரியும், வெளியில நிக்கிற எங்களுக்குப் பென்சன் வரைக்கும் விளக்கமறியல்தான். என்னைப்போலக் கதவுக்குக் கதவு நிண்டு கால் வீங்கின சகோதரங்களே, உங்களுக்காகத்தான் இந்த நிஸ்தாரின்ர கதை. ஆள் மாட்டுத் தரகர். ஒரே மாட்டை மாங்குளத்தில ஒருத்தருக்கு, துணுக்காயில ஒருத்தருக்கு, ஓமந்தையில ஒருத்தருக்கு எண்டு வித்துப்போட்டு எங்கட இடத்துக்கு வந்து சேர்ந்தவர். வரேக்க பேரில மட்டும்தான் முஸ்லிம். வெள்ளிக்கிழமையில வந்துபோற மௌலவியோட கதைச்சுக் கதைச்சுத் தொழத் தொடங்கினார்.

பாங்கு

ஒரு மத்தியானம் கம்பிக்குப் பக்கத்தில வந்து, பாங்குக்கு நேரமாயிட்டுது, தான் சொல்லட்டோ எண்டு பணிவாக் கேட்டார். எனக்குத் தெரிஞ்ச பாங்கு சம்பளம் விழுகிற பாங்கு ஒண்டுதான். உள்ளுக்க இருந்துகொண்டே இன்னொரு மாட்டை விக்கப் போறானோ எண்டு நினைச்சன். பாங்கில உனக்கென்னடா அலுவல், கணக்கு ஆரின்ர பேரில கிடக்கு எண்டு சத்தம் போட்டன். பக்கத்து அறைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கள். தொழுகைக்குக் கூப்பிடுறதுக்கும் அதுதான் பேர் எண்டு எனக்கு ஆர் சொன்னது? நிஸ்தார் மட்டும் சிரிக்கேல்ல. “சேர், இந்தப் பாங்கில மாட்டை ஈடு வைக்க ஏலாது.”

தாடி வியாபாரம்

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மனுசி ஜெசீமா தன்னைத் திருப்பி வீட்டில சேர்க்கோணும். அவாவோ இவற்ற சத்தியங்களை நம்பி நம்பிக் களைச்சுப்போனவா. பாக்க வந்த அண்டைக்கு நிஸ்தார் தாடியைத் தடவித் தடவி, ஐந்து நேரமும் தொழுறன், வெளியில வந்தா பொய்யே சொல்லமாட்டன் எண்டு சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில நிண்ட எனக்கே கண் கலங்கிச்சுது. அவா அசையேல்ல. கொண்டுவந்த சவுக்காரத்தைத் தந்திட்டு என்னைப் பாத்துத்தான் சொன்னா: “சேர், மாட்டை மூண்டு பேருக்கு வித்தவர். இப்ப எனக்குத் தாடியை விக்கிறார்.”

விரதம்

அதுக்குப் பிறகு அவா வரேல்ல. நோன்பு மாசம் வந்துது. நிஸ்தாரின்ர அறையில கசிப்புச் சாராயம் காய்ச்சின கேசில வந்த கந்தையா அண்ணை எண்டொரு வயசாளி இருந்தார். அவரைப் பாக்க ஆரும் வாறேல்ல. நிஸ்தார் பட்டினி கிடக்கத் தான் மட்டும் சாப்பிடுறதோ எண்டு அவரும் நோன்பு பிடிக்க வெளிக்கிட்டார்.

காலமை பத்து மணிக்கு வாழைப்பழத்தை உரிச்சுக்கொண்டு பிளேன்ரீ கேக்கிறார் மனுசன். விரதத்துக்குப் பாலும் பழமும் ஆகும்தானே எண்டு எனக்கே சட்டம் சொன்னார். பொழுதுபடும் மட்டும் பச்சைத் தண்ணியும் ஆகாது எண்டு நிஸ்தார் ஆறுதலா விளங்கப்படுத்தினார். கந்தையா அண்ணை வாயில கிடந்த பழத்தை முழுங்கினார். “தண்ணியும் இல்லையெண்டா அது விரதமில்லைத் தம்பி, தண்டனை. அதை நீதவான் ஏற்கெனவே தந்திட்டார்.”

பெரியவரின்ர ஆசீர்வாதம்

எங்கட சிறைக்குப் புதுசா மாற்றலாகி வந்த பெரியவருக்கு நிஸ்தாரை நல்லாப் பிடிச்சுப்போச்சு. ஒவ்வொரு நாளும் தன்ர கந்தோர் அறைப் பக்கம் பாத்துக் குனிஞ்சு, நெத்தி நிலத்தில முட்ட விழுகிற மனுசனை ஆருக்குத்தான் பிடிக்காது? மரியாதையை இவரிட்டப் படியுங்கோ எண்டு எங்களுக்குப் பேச்சு வேற. அவர் சன்னலுக்கால கையையும் தூக்கிக் காட்டுறதைக் கண்ட பிறகுதான் எனக்குப் பொறுக்கேலாமப் போச்சுது. மக்கா அந்தப் பக்கம் ஐயா, உங்கட கந்தோர் சும்மா இடையில கிடக்கு எண்டு மெல்லமாச் சொன்னன். பெரியவர் தன்ர கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். “அப்ப நான் இவ்வளவு நாளும் ஏன் ஆசீர்வதிச்சனான்?”

அவசரம்

கந்தையா அண்ணை குளிக்கிற இடத்தில வழுக்கி விழுந்து இடுப்பு ஏலாமப் போச்சுது. ஆரும் சொல்லாமலே நிஸ்தார் அவரைத் தூக்கிக்கொண்டு போறதும், கழுவிவிடுறதும், உடுப்புத் தோய்க்கிறதுமா நிண்டார். நோயாளியைப் பாக்கிறது தனக்குக் கடமை எண்டார். நான் தலையை ஆட்டினன், முழுசா நம்பேல்ல.

ஒருநாள் ஜெசீமா திடீரெண்டு வந்தா. ஆரும் பாக்காத நேரமும் இவர் தொழுறாரோ எண்டு முதல் என்னைத்தான் கேட்டா. ஆரும் பாக்காத நேரமெண்டு ஒண்டு இங்க இல்லைத் தங்கச்சி எண்டன். வேற என்னத்தைச் சொல்ல? நிஸ்தார் வந்து நிண்டார். தாடியில கையும் போகேல்ல, முந்தியைப்போலச் சத்தியமும் பண்ணேல்ல. கடைசியா அவர் வாயைத் திறக்க, உள்ளேயிருந்து கந்தையா அண்ணை, நிஸ்தார் அவசரமடா எண்டு கத்தினார். மனுசன் மனுசியை அப்பிடியே விட்டுட்டு ஓடிட்டார்.

எனக்கு விசர் வந்துது. இந்த ஒரு நாளுக்குத்தானே இவ்வளவு காலமும் காத்துக் கிடந்தவர்! அவர் திரும்பி வர முந்தியே பாக்கிற நேரம் முடிஞ்சுது. கத்தினது இடுப்பு ஏலாத கிழவர், அவரைத் தூக்கிக் கழுவிவிடுறது இவர்தான் எண்டு ஜெசீமாவுக்குச் சொன்னன். அவா நிஸ்தார் ஓடின பக்கத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு முக்காட்டு நுனியால கண்ணைத் துடைச்சா. “சேர், நான் பிள்ளை பெத்த நோவில கத்தேக்கயும் படுத்த பாயை விட்டு எழும்பாதவர் இவர். அடுத்த கிழமையும் வாறன் எண்டு சொல்லுங்க. தொப்பி நல்லா ஊத்தையாக் கிடக்கு, வேற ஒண்டு கொண்டு வாறன்.”

ஆக்களைத் திருத்தி அனுப்புறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளமாம். எங்கட மூக்குக்கு முன்னால ஒருத்தன் திருந்தி நிண்டதைக் கண்டுபிடிக்க அவன்ர மனுசியெல்லோ பஸ் பிடிச்சு வரவேண்டிக் கிடந்தது.