இரண்டாம் மாடிச் சாவி

எங்கள் ஆஸ்பத்திரியில் யாரையும் பூட்டி வைப்பதில்லை. எல்லாக் கதவும் திறந்தேதான் கிடக்கும். ஆனாலும் இரண்டாம் மாடி நர்ஸ் நஸீஹா வேலை முடிந்து நேரத்துக்கு வெளியே போனதை நான் பார்த்தது குறைவு.

காரணம் அவள் கழுத்தில் தொங்கிய ஒரு சாவி. கடுமையான வலிமருந்துகள் இருக்கும் அலமாரியின் சாவி அது. மேசை மேல் வைத்துவிட்டுப் போக முடியாது, இழுப்பறையில் போட்டுவிட்டும் போக முடியாது. அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்து கையை நீட்ட வேண்டும், அந்தக் கையில் இவள் வைக்க வேண்டும். கை வரவில்லையென்றால் சாவி கழுத்திலேயே கிடக்கும். அதோடு படியிறங்கினால் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியவள் என்று பேர் வந்துவிடும். அப்புறம் எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸில் மட்டுமல்ல, நாட்டில் எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது.

நான் சமையற்கட்டுக்காரி, பெயர் மஹ்பூபா. கீழ்த் தளத்தை முதல் மாடியாகச் சேர்த்து மூன்று தளத்துக்கும் சாப்பாட்டு வண்டி தள்ளுவது என் வேலை. எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குள்ளும் கேள்வி கேட்பாரில்லாமல் நுழைகிறவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான், இன்னொன்று உயிரெடுக்க வருகிற மலக்கு. அதனால் நடந்ததையெல்லாம் நான் பார்த்தேன்.

நஸீஹா கெர்க்கெனா தீவுக்காரி. அவளுடைய அப்பா கடலில் மண்குடங்களைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பேய்க்கணவாய் பிடிப்பவர். அதற்குத் தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம், குடத்துக்கு மூடிகூடக் கிடையாது. கணவாய் தானாக உள்ளே போய், இதுதான் என் வீடு என்று சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். கயிற்றை இழுக்கும்போதுகூட வெளியே குதிக்காமல் இன்னும் உள்ளே ஒண்டுமாம். "எங்கப்பா பிடிச்சதுல நானும் ஒண்ணு மஹ்பூபா. குடம்தான் வேற," என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

கணவன் திஜானியும் மகளும் தீவில் இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அதற்கு முந்தின மாலை கடைசிப் படகைப் பிடித்தால்தான் வீட்டில் ஒரு முழு நாள் கிடைக்கும். மாற்று நர்ஸ் கொஞ்சம் தாமதித்தாலும் படகு போய்விடும். எத்தனையோ முறை உடை மாற்றும் அறையில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கும் தட்டு ஆறி, எண்ணெய் உறைந்து, தொடாமல் திரும்பி வரும். அதைக் கொட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவள் மேல் வந்த எரிச்சல் கொஞ்ச நாளில் இடம் மாறிவிட்டது.

அந்த மாடியில் இருபதுக்கும் மேல் கட்டில்கள். முன்பு மூன்று நர்ஸ்கள் இருந்தார்கள். ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள், ஒருத்தி ஜெர்மனிக்குப் போனாள். மேலாளர் அன்வர், மரியாதையாக எல்லோரும் ஸி அன்வர் என்போம், அந்த இடங்களை நிரப்பவேயில்லை. நஸீஹா ஒருத்தியே ஓடி ஓடிச் சமாளிக்கிறாள், பிறகு எதற்கு இன்னொருத்தி என்பது அவர் கணக்கு. நன்றாக வேலை செய்கிறவளுக்கு இந்த உலகத்தில் கிடைக்கும் பரிசு அதுதான்.

அந்த வசந்த காலத்தில் பூபக்கர் செத்துப்போனார். படகோட்டி, ஐம்பதுகூட ஆகாத மனிதர். தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருந்தார். ஒரு சாயங்காலம் இரண்டு கட்டில்களின் அழைப்பு மணி ஒரே நேரத்தில் அடித்தது. முதல் அறையிலிருந்து ஒன்று, கடைசி அறையிலிருந்து ஒன்று. நஸீஹா பக்கத்தில் இருந்ததற்குப் போனாள். அங்கே ஒரு கிழவிக்குத் தலையணை நழுவியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டுக் கடைசி அறைக்கு ஓடியபோது பூபக்கர் மணியின் கயிற்றைப் பிடித்தபடியே போயிருந்தார்.

ஸி அன்வர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மணி அடித்த ரெண்டு அறைக்கும் ஏன் போகவில்லை என்று கேட்டாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோது அழவில்லை. கையில் இருந்த ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து மேசை மேல் வரிசையாக வைத்தாள், ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

சங்கம் என்ற பேச்சை எடுத்தவள் விதாத். மூன்றாம் மாடியில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண், வாய் கொஞ்சம் நீளம். சங்கம் வைத்து ஒரே ஒரு கோரிக்கை கேட்போம் என்றாள்: எந்த மாடியிலும் எந்த நேரத்திலும் நர்ஸ் தனியாக நிற்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் சங்கம் எங்கள் பிறப்புக்கு முன்பே இருக்கிறது. எங்களைப் போன்ற தனியார் இடத்தில்தான் அந்தச் சொல்லைக் காதோடு காதாகச் சொல்ல வேண்டியிருந்தது. நர்ஸ்களில் முக்கால்வாசிப் பேர் பெயர் கொடுத்தார்கள். செயலாளராக நஸீஹாதான் நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். இனி நகரத்துக்குள் இருக்கும் தொழிற்சங்க மாளிகையில் கூட்டம் போட்டு, பாதிக்கு மேல் ஆள் கூடி, ஓட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் ஸி அன்வரின் மூளை வேலை செய்தது. அவர் யாரையும் மிரட்டவில்லை, கூட்டத்துக்குப் போகாதே என்று தடுக்கவுமில்லை. கூட்ட நாளில் மாற்று ஆட்களை அனுப்பாமல் விட்டார், அவ்வளவுதான். ஆள் குறைவு, என்ன செய்வது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்தார். யாராவது போகிறேன் என்றால், "தாராளமா போம்மா. நோயாளி உன் பொறுப்பு," என்பார். ஒவ்வொரு மாடியிலும் இப்படி ஒரு சாவி உண்டு; சாவிக்காரிகள் அவரவர் மாடியில் நின்றுவிட்டார்கள். ஆள் குறைகிறது என்று சங்கம் கேட்கப் போனால், ஆள் குறைவதாலேயே சங்கம் கூட முடியவில்லை. இரண்டு கூட்டம் இப்படியே கலைந்தது.

மூன்றாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க மாளிகையிலிருந்து பொறுப்பாக வந்த ஸி லமீன் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் உண்டு. இந்த முறையும் கூடவில்லையென்றால் மூடி வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். விதாத்தின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. சங்கம் இல்லையென்றால் முதலில் வெளியே போகிறவள் அவள்தான். அன்று காலையிலும் நஸீஹாவிடம் சாவி வாங்க யாரும் வரவில்லை. நான் காலை ரொட்டியோடு போனபோது ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

"இந்தத் தடவையும் என்னாலதான் கெடப்போகுது," என்றாள்.

"நீ எங்கயும் போக வேணாம். அவங்க இங்க வரட்டும். ஞாயித்துக்கிழமை பாக்க வர்ற கூட்டத்துல யார் யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்றேன்.

"வர்றாங்கன்னே வச்சுக்கோ. கீழேயும் மூணாவது மாடியிலயும் சிக்கிக்கிட்டவங்க ஓட்டு?"

"என் வண்டி எல்லா மாடிக்கும் போகுதே," என்றேன்.

அவள் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விதாத்துக்குப் போன் போட்டாள்.

மதியம் பார்வை நேரம் தொடங்கியதும் வந்தார்கள் பாருங்கள், கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. லீவில் இருந்த நர்ஸ்கள் எல்லோரும் நல்ல உடுப்பு, வாசனை, கையில் தயிர் டப்பாவும் ஆரஞ்சும். ஒரு நோயாளிக்கு இரண்டு விருந்தாளிகள்தான் என்பது வாசல் காவலர் பஷீரின் சட்டம். அதனால் ஆளுக்கொரு நோயாளியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தனக்கு யாருமே இல்லை என்று தினமும் முணுமுணுக்கும் கிழவிக்கு அன்று இரண்டு மருமகள்கள் கிடைத்தார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை, பெண் பிள்ளைகள் மெலிந்துபோய்விட்டார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸி லமீன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஓட்டுப் பெட்டி எங்கே என்று கேட்டார். நான் சூப்புப் பானையைக் காட்டினேன். தேய்த்துக் கழுவியதுதான், ஆனாலும் சீரக வாசனை போகவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"பெட்டி என் கண் பார்வையிலேயே இருக்கணும். அதுதான் விதி," என்றார்.

"அப்ப பின்னாலயே வாங்க ஸி லமீன். வண்டி போற இடமெல்லாம்," என்றேன்.

எச்சில் தட்டு எடுக்கிற நேரம் அது. எச்சில் தட்டுகளுக்கு நடுவில் இருக்கிற பானையை யாரும் பார்ப்பதில்லை. கீழ்த் தளத்திலும் மூன்றாம் மாடியிலும் சாவிக்காரிகள் தட்டை வைப்பதுபோல் வந்து மடித்த சீட்டைப் போட்டார்கள். ஸி லமீன் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, சொந்தக்காரர் எந்த அறை என்று தெரியாதவர்போல் பின்னாலேயே வந்தார். கடைசியாக இரண்டாம் மாடி. கட்டில் கட்டிலாகப் பானை போனது. நஸீஹாதான் கடைசி. அவள் சீட்டைப் போட்டுக் கையை எடுக்கவும் மணி அடித்தது.

ஒன்றல்ல, இரண்டு மணி. முதல் அறையிலிருந்து ஒன்று, கடைசி அறையிலிருந்து ஒன்று.

நஸீஹாவின் முகம் சாம்பலாகிவிட்டது. தாழ்வாரத்தின் நடுவில் நின்றாள். காலை எடுத்து வைக்கவே இல்லை. அதற்குள் ஆறேழு பேர் அவளைத் தாண்டி ஓடினார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். முதல் அறையில் அறுவை செய்த பெண் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்திருந்தாள். கடைசி அறையில் இப்போது இருந்த கிழவர் ஹாஜி முக்தாருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. விதாத் பட்டுச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு அவரை நிமிர்த்திப் பிடித்தாள், ஒருத்தி ஆக்ஸிஜனைத் திறந்தாள், இன்னொருத்தி டாக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். கிழவரின் முகத்தில் நிறம் திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

பஷீர் தகவல் சொல்லி ஸி அன்வர் மேலே வந்துவிட்டார். லீவில் இருந்த அவருடைய நர்ஸ்கள் எல்லோரும் ஒரே மாடியில் நிற்பதைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியின் மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குத்திக் காட்டத் தெரியாத பெண் அவள், மனசாரத்தான் கேட்டாள்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும், ஸி அன்வர். இத்தனை பேர் வச்சிருக்கீங்க. ஒரு வாரமா நான் ஒருத்தங்களைத்தான் பாத்தேன். மத்தவங்கல்லாம் எங்க இருந்தாங்க?"

ஸி அன்வர் கையை விடுவித்துக்கொண்டார். பார்வை நேரம் முடிந்தது, வெளியாட்கள் கிளம்பலாம் என்றார். நேரம் இன்னும் மீதி இருந்தது.

அவர்கள் போனார்கள். வெளியாட்கள்தானே, போய்த்தான் ஆக வேண்டும். விதாத் மட்டும் நஸீஹா முன்னால் வந்து கையை நீட்டினாள். "சாவியைக் குடு அக்கா. சாயங்காலப் படகு இருக்கு. நீ போ."

நஸீஹா அந்தக் கையைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அன்று அவள் மகளின் பிறந்தநாள். சாவியை நாடாவோடு கழற்றக்கூடச் செய்தாள். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"உனக்கு இன்னிக்கு டியூட்டி இல்ல. இங்க ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விழும். அதுக்குத்தான் அவர் காத்துக்கிட்டு இருக்கார். நீ போடி," என்றாள்.

சமையற்கட்டில் ரொட்டி வெட்டும் பலகை மேல் ஸி லமீன் சீட்டுகளைக் கொட்டி எண்ணினார். பாதிக்கும் மேலே போதுமான அளவு இருந்தது. நஸீஹா செயலாளர். இனி விதாத்தை நினைத்த மாத்திரத்தில் வெளியே தள்ள முடியாது. சங்க மாளிகை முழுக்க இனி சீரகம் மணக்கும் என்று அவர் சிரித்தார். ஒரு வாழைப்பழத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலைச் சூப்பைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். நஸீஹா மருந்துத் தட்டோடு நின்றாள். சொன்னேன். அவள் என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மூச்சு விடுகிற அளவுக்குத்தான் நேரம். மறுபடியும் மணி அடித்தது. மறுபடியும் இரண்டு.

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்ததற்குப் போனாள். வேறு என்ன செய்வாள். போகிறபோது திரும்பி அந்தக் கடைசி அறையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு நான் கடைசி அறைக்கு ஓடினேன். நோயாளியைத் தொட எனக்கு உரிமை கிடையாது. தொட்டு என்ன செய்வது என்றும் தெரியாது.

ஹாஜி முக்தாருக்குத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது. தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் என் சமையற்கட்டு மேலங்கியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"மத்தியானம் இத்தனை பேர் இருந்தாங்களே மகளே. எல்லாரும் எங்க?"

"அவங்க பாக்க வந்தவங்க, ஹாஜி. போயிட்டாங்க," என்றேன்.

அந்த மாடிக்கு இரண்டாவது நர்ஸ் வருவதற்கு அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. அன்று மாலை நஸீஹா வந்து சேரும்வரை ஹாஜியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாழ்வாரத்தில் என் சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.